பழைய அம்பாசடர் இன்ஜினுக்குப் புது பிஸ்டனை ஏன் பெரிய சைஸில் வாங்குகிறார்கள்?

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர். அதே அளவில் புது பிஸ்டன் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள்; மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார். ஏன்?

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் அரைத்தால் குழி அகன்றுவிடும். அதில் பழைய அளவிலேயே புதுக் குழவி போட்டால் ஆடும், மாவு நைசாக வராது.

சிலிண்டரிலும் இதே கதைதான். கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் பக்கச் சுவரை உரசிக்கொண்டே இருக்கும். சூடு அதிகமுள்ள, ஆயில் சரியாக எட்டாத மேல்பகுதி இன்னும் மோசம். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிவிடும். அந்த இடைவெளியில் ஆயில் ஏறி எரிந்தால் சைலன்சரில் நீலப் புகை!

சுவரைக் கடைந்து மறுபடி வட்டமாக்குவதுதான் ரீபோர். துளை பெருத்தால் பிஸ்டனும் பெருக்க வேண்டாமா? அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 40 பங்கு என்று கூடுதல் சைஸ்கள் வருவது இதற்காகத்தான்.

எந்த சைஸ்? அதிகம் தேய்ந்த சிலிண்டரை அளந்து, அது முழுசாகச் சுத்தமாகிற மிகச் சிறிய சைஸை எடுங்கள். எடுத்த எடுப்பில் 40-க்குத் தாவுவது வீண். அடுத்த ரீபோருக்குச் சுவர் மிஞ்சாது. நான்கு பிஸ்டனும் ஒரே எடையில் இருக்கிறதா என்று தராசில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் கடைசல். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது பிஸ்டனுக்குப் பிஸ்டன் மாறும்.