பனிக்காலத் தச்சும் பள்ளிக் கல்வியும்

வடபுல நாடுகளில் நவம்பர் மாதம் ஒளி ஒடுங்கும் காலமாகும். சுவீடன் நாட்டின் மேற்குப் பகுதியிலே அம்மாதத்தின் நடுவில், பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே ஞாயிறு மறைந்துவிடும். பேர்ச் மரங்கள் இலையனைத்தையும் உதிர்த்து வெண்பட்டையோடு நிற்கும். நிலமும் குளிரால் இறுகத் தொடங்கும். உழவனுக்கு இது ஓய்வுக் காலமென்றே நாம் எண்ணுவோம். ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டுப் பண்ணை வீடொன்றினுள் நாம் நுழைந்து பார்த்திருப்போமாயின், அவ்வெண்ணம் மாறியிருக்கும்.

மாடுகளுக்கு உலர்புல் இடவேண்டும், பால் கறக்கவேண்டும், நீர் கொணரவேண்டும், அடுப்புக்கு விறகு பிளக்கவேண்டும். இவை முடிவதற்குள் குறுகிய பகலின் பெரும்பகுதி கழிந்துவிடும். அதன்பின் வீட்டார் கணப்பினருகே கூடுவர். தந்தை கோடரிக்குப் புதுப்பிடி செதுக்குவார். மகன் பச்சை மரத்துண்டொன்றைக் கத்தியாற் சீவிக் கரண்டியாக்குவான். பச்சை மரம் கத்திக்கு எளிதில் இணங்கும், உலர்ந்தபின் கடினமாகும். ஆதலின் ஈரமுள்ளபோதே உருவை வெட்டி, மெல்ல உலரவிட்டு, பின்னரே இறுதிச் சீவலைச் செய்வர். அவசரப்பட்டு நெருப்பருகே வைத்தால் மரம் வெடித்துவிடும். நாரோட்டத்துக்கு மாறாகக் கத்தியை ஓட்டினாலோ பிளந்து போகும். பொறுமையைப் பற்றித் தந்தை ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை. மரமே ஆசானாகிவிடுகின்றது.

இக் கைவேலையைச் சுவீடிய மொழியில் 'ஸ்லொய்ட்' என்பர். திறமை, சாமர்த்தியம் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லினின்றும் பிறந்தது அது. ஆனால், ஆலைப் பொருள்கள் மலிவாகச் சந்தைக்கு வரவே, வீட்டுத் தச்சு தளரலாயிற்று. கடையிற் கரண்டி கிடைக்கும்போது, மாலை முழுவதும் குனிந்திருந்து செதுக்குவார் யார்?

தளர்ந்த இக்கலையைப் பள்ளிக்கூடத்துட் புகுத்த முனைந்தோர் இருவர். பின்லாந்தின் மக்கட் பள்ளிகளுக்கு வித்திட்ட ஊனோ சிக்னேயஸ் ஒருவர். அவரது முயற்சியால் 1866இல் அந்நாட்டுப் பள்ளிச் சட்டத்திற் கைவேலை இடம்பெற்றது. மற்றவர் சுவீடனைச் சேர்ந்த ஒற்றோ சலமன். கொதென்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள நேஸ் என்னும் பண்ணையில், தம் தாய்மாமனும் வணிகருமான ஆகுஸ்ற் ஆப்ரகாம்சனின் துணையோடு, 1875இல் அவர் ஆசிரியர்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கு சென்று மரம் சீவக் கற்றனர்.

சலமன் கொண்ட கொள்கைகள் இரண்டு இன்றும் சிந்திக்கற்பாலன. முதலாவது, இப்பாடத்தைக் கற்பிக்க வேண்டியவர் கைதேர்ந்த தச்சரன்று, பயிற்சி பெற்ற ஆசிரியரே என்பது. மாணவன் செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படல் வேண்டும். எனினும், கல்வியின் பயன் அப்பொருளில் இல்லை, அதைச் செய்த பிள்ளையிடத்திலேயே உள்ளது என அவர் கருதினார். இரண்டாவது, முதற்கருவி கத்தியே என்பது. நாட்டுப்புறப் பிள்ளை ஏற்கெனவே அறிந்த கருவி அதுவே. அறிந்ததிலிருந்து அறியாததற்கும், எளியதிலிருந்து அரியதற்கும் செல்வதே அவரது முறை.

இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. பண்ணை வீட்டிலே கரண்டி அன்றாடக் கஞ்சிக்குத் தேவைப்பட்டது. பள்ளியிலோ அது பாடத்துக்காகச் செய்யப்படுகின்றது. தேவை அகன்றபின் அவ்வேலைக்கு உயிர் உண்டா? பண்ணையின் நீண்ட மாலையைப் பள்ளியின் ஒருமணி நேரம் ஈடுசெய்யாது என்பது உண்மையே. ஆயினும் ஒன்று எஞ்சியிருக்கின்றது. தாளில் எழுதிய பிழையை அழித்துவிடலாம். நாக்கு வன்மையால் மறைத்தும் விடலாம். மிகையாக வெட்டிய மரம் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை. தன் தவற்றைத் தன் கையிலேயே காணும் பிள்ளை, பிறர் சொல்லாமலே திருந்துகின்றான். சுவீடனிலும் பின்லாந்திலும் கைவேலை இன்றும் பள்ளிகளிற் கட்டாய பாடமாக நிலைத்திருப்பது வியப்பன்று.

கரும்பலகையின் முன் நிற்கும் நம்மில் எத்தனை பேர், மாணவனின் விடைத்தாளைப் பார்க்கும் அளவுக்கு அவன் கைகளைப் பார்த்திருக்கின்றோம்?