நாலு வண்டி மோதினால் யார் மேல் கேஸ்?

மதுரை–நத்தம் சாலையில் நாலு வண்டி ஒன்றன்பின் ஒன்றாக இடித்துக்கொண்டு நின்றால், போலீஸ் வருவதற்குள் கூட்டம் தீர்ப்பு சொல்லிவிடும். லாரி இருந்தால், "பெரிய வண்டி மேலதான் கேஸு". லாரி இல்லையென்றால், "பின்னால வந்து இடிச்சவன்தான் தப்பு". இரண்டுமே சட்டத்தில் இல்லாத விதிகள். ஆனாலும் பல நேரம் முதல் தகவல் அறிக்கைக்குள் இவைதான் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இழப்பீட்டுச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கோவையில் 2017 ஜனவரி 7 அன்று நடந்த விபத்து ஒன்றைப் பாருங்கள். பொறியியல் மாணவர் ஒருவர் பைக்கில் போகிறார். முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் சட்டென்று பிரேக் அடித்து நிற்கிறது. பைக் காரின் பின்பக்கம் மோதி, மாணவர் ரோட்டில் விழுகிறார். பின்னால் வந்த பஸ் அவர் மேல் ஏறுகிறது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்பது காரோட்டி சொன்ன காரணம்.

மூன்று நீதிமன்றங்கள் இந்த ஒரே விபத்தை மூன்று விதமாகப் பார்த்தன. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் காரை முழுவதுமாக விட்டுவிட்டு, பஸ் மீது 80 சதவீதம், மாணவர் மீது 20 சதவீதம் தவறு வைத்தது. உயர் நீதிமன்றம் கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்று பிரித்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று முடித்துவைத்தது. போதிய இடைவெளி விடாததும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாததும் மாணவர் பக்கத்துக் குறை. மொத்த இழப்பீடு சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அதில் 20 சதவீதம் போக சுமார் 91 லட்சம் அவருக்கு.

ஆளின் மேல் ஏறியது பஸ். ஆனால் பாதித் தவறு, யார் மீதும் ஏறாமல் நடுரோட்டில் நின்ற காருக்குப் போனது. கடைசியாக இடித்தது யார் என்பதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. இந்தச் சங்கிலியை ஆரம்பித்து வைத்தது யார் என்று பின்னோக்கிப் போனது. நெடுஞ்சாலையில் அவசரமாக நிறுத்த நேர்ந்தாலும், பின்னால் வருகிறவர்களுக்கு சிக்னல் காட்டி எச்சரிக்க வேண்டியது ஓட்டுநரின் கடமை என்றது.

அதற்காகப் பின்னால் வந்து இடித்தவர் எப்போதும் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த இரண்டு வழக்குகளிலுமே கார், முன்னால் இருந்த கனரக வண்டியின் மீது மோதியிருந்தது. ஒன்றில், முன்னால் ஓடிக்கொண்டிருந்த லாரிக்கு வெகு நெருக்கமாகக் கார் போயிருந்தது. தவறு காரோட்டி மேல். இன்னொன்றில், எந்த விளக்கும் எரியாமல் நடுரோட்டில் நிறுத்தப்பட்டிருந்த எரிவாயு டேங்கரில் கார் மோதியது. முழுத் தவறும் டேங்கர் மேல். இரவில் பார்க்கிங் லைட் போடாமல், பின்னால் நாலு கல்லை மட்டும் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகும் டிரைவர்கள் இந்த இரண்டாவது தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, பயணிகளுக்கான விஷயம். நீங்கள் ஓட்டவில்லை, காரிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்துதான் வந்தீர்கள், அல்லது ரோட்டோரம் நடந்துபோனீர்கள். இரண்டு வண்டிகளின் தவறால் அடிபட்டீர்கள். இதில் உங்கள் தவறு ஏதும் இல்லாததால் இழப்பீட்டில் பிடித்தம் கிடையாது. எந்த வண்டி எத்தனை சதவீதம் என்று நிரூபிக்கும் சுமையும் உங்களுக்கு இல்லை. முழுத் தொகையையும் அந்த வண்டிகளில் ஏதாவது ஒன்றிடமிருந்தே வசூலிக்கலாம்; பங்குக் கணக்கை அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும். 2015-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடிபட்டவர் மேலும் கொஞ்சம் தவறு இருந்தால்தான் அந்தக் கோவை மாணவருக்கு ஆனதுபோல் கழிப்பார்கள்.

நத்தம் வட்டாரத்தில் இந்த விதி உயிர்நாடி. மாங்காய் சீசனில் தோப்புக்குப் போய்வரும் கூலியாட்கள், லோடு வண்டியின் பின்னால் கிரேட்டுகளின் மேல் உட்கார்ந்து வருவது இங்கே தினப்படிக் காட்சி. சரக்கு வண்டியில் ஏறிவந்த சாதாரணப் பயணிக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர், அவருடைய ஆள், வண்டி உரிமையாளரிடம் வேலை பார்க்கும் லோடுமேன் போன்றவர்களுக்குத்தான் பாதுகாப்பு உண்டு. ஆனால் எதிரே வந்த லாரி மேலும் தவறு இருந்தால், அந்த லாரியின் இன்சூரன்ஸுக்கு இதே கூலியாள் மூன்றாம் நபர். முழு இழப்பீட்டையும் அங்கே கேட்க முடியும். ஆகவே ஏறிவந்த வண்டியை மட்டும் எதிர்த்து மனுப் போட்டுவிட்டு, மோதலில் இருந்த மற்ற வண்டிகளை விட்டுவிடுவது பெரும் இழப்பு. எல்லா வண்டிகளின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தவறு யாருடையது என்பதற்கான முதல் ஆவணம் போலீஸ் ஸ்டேஷனில் பிறப்பதில்லை. பெரும்பாலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில்தான். டாக்டர் கேட்டதும் வலியில், "வண்டில வந்தேன், கீழ விழுந்துட்டேன்" என்று ஒரு வரி சொல்லிவிடுவார்கள். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், "பைக்கிலிருந்து தானாக விழுந்ததாக" என்று ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து வீசுவது இந்தத் தாளைத்தான். கூடப் போகிறவர், எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து, எப்படி மோதியது என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுதவைக்க வேண்டும்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். பல வண்டி விபத்தில் இறந்துபோன ஓட்டுநர் மேலேயே கேஸ் போடுவதும் நடக்கிறது. செத்தவர் வந்து மறுத்துப் பேசப்போவதில்லையே! அப்படிப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று குடும்பம் ஒதுங்கிவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். தொடக்கம் மட்டுமே. தீர்ப்பாயம் கேட்பது, சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணத்தை அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதைத்தான். 1980-ல் தமிழ்நாட்டுப் பஸ் விபத்து வழக்கு ஒன்றில், கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலையான பிறகும் இழப்பீடு நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நேரில் பார்த்த சாட்சி ஒருவர், எஃப்.ஐ.ஆரைவிடக் கனமானவர்.

வண்டிகளை ஓரம் கட்டுவதற்கு முன் எடுத்த போட்டோ, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், டயர் தேய்ந்த தடம், பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை இவை எல்லாம் சேர்ந்துதான் சங்கிலியைக் காட்டும். நின்றிருந்த காரை லாரி இடித்ததா, கார் முதலில் முன்வண்டியில் மோதிய பிறகு லாரி வந்ததா என்பது பம்பர் நசுங்கிய உயரத்திலும் திசையிலும் தெரியும். டோல்கேட், பெட்ரோல் பங்க், கடைவாசல் கேமராக்களின் பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். லாரியின் ஜி.பி.எஸ். பதிவையும் அதே மனுவில் கேட்கலாம்.

இழப்பீட்டு மனுவுக்கான கெடு குறுகியது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். போலீஸ் மூன்று மாதத்துக்குள் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனாலும் தனி மனுப் போடுவதே பத்திரம். விபத்து தொப்பூர் கணவாயில் நடந்திருந்தாலும், நத்தம்காரர் திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். குடியிருக்கும் ஊர் போதும்.

யார் தவறு என்று நிரூபிக்கவே முடியாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். இடித்த வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால் முறையே 2 லட்சம், 50 ஆயிரம். சிகிச்சைக்கு, முதல் 48 மணி நேரத்துக்கான தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. இதற்கும் யார் தவறு என்ற கேள்வியே இல்லை.

வார்டுக்கே தேடி வந்து வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்கும் புரோக்கரைத் திருப்பி அனுப்புங்கள். பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-க்குப் போன் செய்தால் போதும். லோக் அதாலத்தில் சமரசத்துக்குக் கூப்பிட்டால் போகலாம், ஆனால் அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போடும் முன், உங்கள் மேல் எத்தனை சதவீதம் தவறு வைத்து இந்தத் தொகைக்கு வந்தார்கள் என்று கேட்டு, பதிலை வக்கீலிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.