தேக்கு இறங்கிய தண்டவாளம்

பிரிட்டிஷ் காலத்தில் ஃபோர்ட் கொச்சி வெள்ளைக்காரர்களுடையது. ஒட்டினாற்போல் இருந்த மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவுடையது. அவருடைய குட்டி ராஜ்யத்துக்கு மிளகுக் கிடங்குகள் மட்டுமல்ல, ஆனைமலைத் தொடரில் பரம்பிக்குளம் என்ற தேக்குக் காடும் சொந்தம். மரம் வாங்க உலகமே தயார். இறக்கத்தான் வழியில்லை. பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, அருவிகள் வேறு.

வழி, ரயில்தான். சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மீட்டர்கேஜ் டிராம்வே போட்டார்கள். 1907 முதல் ஓடியது. சமதளத்தில் இழுக்க நீராவி எஞ்சின்கள். எஞ்சின் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் செய்த ஏற்பாடுதான் அழகு. மேலே ஓர் உருளை, அதைச் சுற்றி இரும்பு வடம், வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி தன் எடையாலேயே கீழே இறங்கும். இறங்கும்போதே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். கரியும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். பிரேக் பிடிக்க ஆள் இருந்தால் போதும். புவியீர்ப்பே காட்டை மொட்டையடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1864இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென்று லிங்கன் ஒதுக்கினார். 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவானது. அதற்கு ஆதரவு திரட்டியவர்களில் ஒரு ரயில் கம்பெனியும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், டிக்கெட் விற்கும் என்ற கணக்கு. அங்கே ஆளைக் கொண்டுபோக ரயில். இங்கே மரத்தைக் கொண்டுவர ரயில்.

கொச்சி டிராம்வே 1963இல் மூடப்பட்டது. அதே காலகட்டத்தில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் வந்து, பள்ளத்தாக்குகள் நீர்த்தேக்கங்களாயின. பரம்பிக்குளத்தின் அணைகள் கேரளத்தில், தண்ணீர் கோவை, திருப்பூர் வயல்களுக்கு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1973இல் பரம்பிக்குளம் சரணாலயம். 2010இல் புலிகள் காப்பகம். மையப் பகுதியும் சுற்றுப் பகுதியுமாக இன்று 643 சதுர கிலோமீட்டர்.

ஆக, பயணி இங்கே பார்ப்பது மனிதக் கை படாத காடு அல்ல. வண்டிப் பாதையின் இருபுறமும் வரிசை பிடித்து நிற்கும் தேக்கு, வனத்துறை நட்டது. தேக்கந்தோட்டம் பார்க்கப் பச்சையாக இருந்தாலும் மண்ணுக்கு அவ்வளவு நல்லதல்ல. முறம்போன்ற இலையில் மழைத்துளிகள் சேர்ந்து கனத்துச் சொட்டும். கீழே புதர் இல்லாத இடத்தில் அந்தச் சொட்டே மண்ணைக் கிளறி அரிக்கும். கோடையில் உதிரும் சருகு தீக்கு விருந்து. இந்தத் தோட்டங்களை மெல்ல இயற்கைக் காடாக மாறவிடுவதா, அல்லது தேக்கு தேக்காகவே நிற்கட்டுமா? மாறட்டும் என்பது என் கட்சி. அதற்காகக் கோடரியை அவசரப்பட்டு எடுக்கக்கூடாது.

தப்பிய மரமும் உண்டு. துணக்கடவு அருகே நிற்கும் கன்னிமாரா தேக்குக்கு வயது 450க்கு மேல் என்பது மதிப்பீடு. அடிமரச் சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். வெட்டியபோது ரத்தம் வந்ததாம், அதனால் விட்டார்களாம். சரணாலயச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மரத்தைக் காத்தது அந்த நம்பிக்கை.

காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகியோர் இங்கேயே வாழ்கிறார்கள். சுற்றுலா வண்டிகளில் வழிகாட்டிகளாக வருபவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆனால் கேரளத்துக் கிராமமான பரம்பிக்குளத்துக்கு வண்டிச்சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்துதான். சொந்தப் பஞ்சாயத்து அலுவலகம் இருக்கும் முதலமடைக்குப் போகவும் நெடுங்காலம் அந்தச் சுற்றுதான். செம்மணாம்பதி வழியாக ஒரு பாதை கேட்டு அலுத்துப்போன, பரம்பிக்குளத்தின் தேக்கடி குடியிருப்பு மக்கள், 2020 காந்தி ஜெயந்தியன்று தாங்களே மண்வெட்டியோடு இறங்கிப் பாதை வெட்டத் தொடங்கினார்கள்.