கொதிப்பு குறையவில்லை, தொல்லை குறைந்தது

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை சில பெண்களுக்கு மெனோபாஸை முன்கூட்டியே வரவழைத்துவிடும். குப்பென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். அதை அடக்கும் ஹார்மோன் சிகிச்சையைப் பொதுவாக இவர்களுக்குக் கொடுப்பதில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி உளவியலாளர் மைரா ஹன்டரின் குழு இத்தகைய 96 பெண்களிடம் நடத்திய ‘மெனோஸ் 1’ ஆய்வு 2012-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்றவர்களுக்கு அதோடு வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஆறு வாரங்களுக்குச் சிபிடி எனப்படும் உளவியல் பயிற்சி, குழுவாக.

கொதிப்பு வரும் எண்ணிக்கையில் சொல்லும்படியான மாற்றமில்லை. ஆனால் ‘எவ்வளவு தொல்லையாக இருக்கிறது?’ என்ற கேள்விக்கு, பயிற்சி பெற்றவர்களின் பதில் வெகுவாக மாறியிருந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்த மாற்றம் நீடித்தது.

பயிற்சியில் மாயம் ஏதுமில்லை. அலுவலகக் கூட்டத்தில் முகம் வேர்க்கிறது. ‘எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், மானம் போச்சு’ என்று மனம் பதறுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு வேர்த்தால் நாம் அப்படியா நினைப்போம் என்று அந்த நினைப்பையே குறுக்கு விசாரணை செய்யப் பழக வேண்டும். கொதிப்பு கிளம்பும்போதே தோளைத் தளர்த்தி, வயிறு எழும்பித் தாழ நிதானமாக மூச்சுவிட வேண்டும். நடுராத்திரியில் நனைந்து எழுந்தால், ‘நாளைப் பொழுது பாழ்’ என்று கணக்குப் போடாமல் துணி மாற்றிக்கொண்டு படுக்க வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு உடலியல் அடிப்படையும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் பொறுத்துக்கொள்ளும் வெப்ப எல்லை சுருங்குகிறது. உடல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் ரத்தக் குழாய்கள் விரிந்து, வேர்வை பெருகுகிறது. மன அழுத்தத்தில் சுரக்கும் நார்எபிநெஃப்ரின் இந்த எல்லையை இன்னும் நெருக்குவதாகக் கருதப்படுகிறது. கொதிப்பு சீக்கிரம் ஓய்வதும் இல்லை. அமெரிக்காவின் ‘ஸ்வான்’ ஆய்வின்படி, அடிக்கடி கொதிப்பு வருபவர்களில் பாதிப் பேருக்கு இது 7 ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. ‘கொஞ்ச நாள் பொறுத்துக்கோ’ என்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

ஆனாலும் 2023-ல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தன் வரைவு வழிகாட்டியில் சிபிடிக்கு முக்கிய இடம் கொடுத்தபோது பெண்களிடமிருந்து கோபம் வெடித்தது. ‘எல்லாம் மனப்பிரமை என்கிறீர்களா?’ என்ற கோபம் அது. நியாயம்தான், வலி என்று போன பெண்ணிடம் ‘டென்ஷன் ஆகாதீங்கம்மா’ என்று சொல்லி அனுப்பிய மருத்துவர்கள் எங்கும் உண்டு. 2024 நவம்பரில் வந்த இறுதி வழிகாட்டி தெளிவாக்கியது: ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்தோ, அது ஒத்துவராதவர்களுக்கோ விரும்பாதவர்களுக்கோ சிபிடி ஒரு வழி. மருந்துக்குப் பதிலாகத் திணிப்பதற்கு அல்ல.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ‘மெனோஸ் 2’. புற்றுநோய் இல்லாத 140 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வில், ஒரு கையேட்டையும் குறுந்தகட்டையும் வைத்து வீட்டிலேயே பயின்றவர்களுக்கும் குழுவில் பயின்றவர்களைப் போலவே தொல்லை குறைந்தது. உளவியலாளர் கிடைக்காத ஊர்களுக்கு இது பெரிய சேதி. நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாரந்தோறும் கூடத்தானே செய்கின்றன? சேமிப்புக் கணக்கு முடிந்த பிறகு இந்தப் பயிற்சிக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மனம் ரொம்பவே தளர்ந்தால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

ஒன்றை மட்டும் மூச்சுப் பயிற்சியிடம் விடக் கூடாது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி ரத்தப்போக்கு தெரிந்தால், துளி அளவே ஆனாலும், உடனே மகளிர் நோய் மருத்துவரிடம் போக வேண்டும்.