எச்.ஐ.வி பரிசோதனை அச்சம்

எச்.ஐ.வி பரிசோதனை அச்சம் என்பது, தமக்கு எச்.ஐ.வி தொற்று இருக்கலாம் என்று ஐயுறும் ஒருவரை, அதை உறுதி செய்யும் குருதிப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுக்கும் மனக்கலக்கம் ஆகும். ஊசி வலிக்கு இதில் சிறு பங்கே உண்டு. "தொற்று உண்டு என்று வந்துவிட்டால் என்ன செய்வது?", "அந்த அறைக்குள் போவதை ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால்?" ஆகிய இரண்டு கேள்விகளே இதற்கு வேர். முதல் கேள்வி நோயைப் பற்றியது, இரண்டாவது ஊரைப் பற்றியது. இரண்டுக்கும் இன்று தெளிவான விடைகள் உண்டு.

அச்சத்தின் பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது 1986ஆம் ஆண்டு தமிழ்நாட்டில்தான் முதன்முதலில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அன்று தொற்று உறுதியானவருக்குக் கொடுக்க மருந்து எதுவும் இல்லை. 1996க்குப் பிறகு உலகில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபோதும், அதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது.

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடெங்கும் பேசப்பட்ட 'புள்ளிராஜா' விளம்பரம், எய்ட்ஸ் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அதே சமயம், நோயாளியைக் கேலியாகச் சுட்டும் பெயராகவும் அது சிலர் வாயில் புழங்கியது.

2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையை இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2017 முதல், நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை தரப்படுகிறது. மருந்து வந்து இருபது ஆண்டுகள் கடந்தும், மருந்து இல்லாத காலத்து அச்சம் பலரிடம் அப்படியே தங்கியிருக்கிறது.

பரிசோதனை நடக்கும் முறை

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் எச்.ஐ.வி ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்கள் 'நம்பிக்கை மையம்' என அழைக்கப்படுகின்றன. இங்கு ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். வருபவரிடம் ஆலோசகர் முதலில் தனியாகப் பேசுவார். அவர் ஒப்புதல் தந்த பின்னரே குருதி எடுக்கப்படும். விரைவுப் பரிசோதனை என்பதால் பெரும்பாலும் அன்றே முடிவு தெரிந்துவிடும். முடிவை ஆலோசகர் நேரில், தனிமையில் சொல்வார்.

முதல் சோதனையில் தொற்றின் அறிகுறி தென்பட்டால், அதை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. வேறு வகைச் சோதனைகளும் செய்து ஒத்துப்பார்த்த பிறகே தொற்று உறுதி செய்யப்படும்.

தொற்று ஏற்பட்ட உடனே பரிசோதனையில் தெரியாது. உடலில் எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். இதைச் சாளரக் காலம் என்பர். எனவே அண்மையில் தொற்று வாய்ப்பு நேர்ந்தவர், முதல் முடிவு 'இல்லை' என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். தொற்று வாய்ப்பு நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குச் சென்றால், தொற்றைத் தடுக்கும் மருந்தை 28 நாட்களுக்கு உட்கொள்ளும் வழியும் உண்டு. இதில் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் மேற்கில் கல்வராயன் மலை உள்ளது. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய மலையூர்களில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். இங்கிருந்து பலர் கேரளம், கர்நாடகம் முதலிய இடங்களுக்கு மாதக்கணக்கில் வேலைக்குப் போய்வருகின்றனர். பரிசோதனைக்கென்று மலையிறங்கினால் ஒருநாள் கூலி போகும். ஒரே பேருந்தில் வரும் உறவுக்காரர்கள் "எங்கே போகிறாய்?" என்று கேட்பார்கள்.

இந்த இடர்களுக்கு நடைமுறை வழிகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்டச் சோதனை செய்துகொள்ளலாம். சர்க்கரைக்கும் காய்ச்சலுக்கும் குருதி கொடுக்கும் அதே ஆய்வகத்தில் இதற்கும் குருதி எடுப்பதால், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனை வழக்கமாகவே செய்யப்படுகிறது. தெரிந்த முகங்களைத் தவிர்க்க விரும்புபவர் சேலத்திலோ விழுப்புரத்திலோ வேலை செய்யும் ஊரிலோ சோதித்துக்கொள்ளலாம். சொந்த ஊர் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிகிச்சை தொடங்கியவர் வேலைக்காக இடம் மாறினால், அவ்வூர் மையத்துக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இம்மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குத் திருநங்கையர் திரளாக வருகின்றனர். அதையொட்டி எச்.ஐ.வி விழிப்புணர்வுப் பணிகளும் நடைபெறுவது வழக்கம். இதைப் பார்த்து, "இது அவர்களுக்கு வரும் நோய்" என்று மற்றவர்கள் நினைத்துவிடக் கூடாது. பாதுகாப்பற்ற உடலுறவு, பகிர்ந்த ஊசி, தொற்றுள்ள குருதி, தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் தொற்று யாருக்கும் வரலாம். சேர்ந்து உண்பதாலும் கைகுலுக்குவதாலும் கொசுக்கடியாலும் வராது.

சட்டப் பாதுகாப்பு

எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டப்படி, ஒருவரின் ஒப்புதல் இன்றி அவருக்கு எச்.ஐ.வி பரிசோதனை செய்யக் கூடாது. சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, அவரது தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றிப் பிறருக்கு வெளியிடவும் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் இச்சட்டம் தடை செய்கிறது.

அச்சத்தைக் கடக்கும் வழிகள்

நேரில் போகத் தயங்குபவர் முதலில் 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணை அழைக்கலாம். இது கட்டணமில்லாதது, பெயர் சொல்லத் தேவையில்லை. "ஒருநாள் போகலாம்" என்றிருப்பதைவிட நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. நம்பகமான ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் உதவும்.

தொற்று உறுதியானாலும், மருந்தைத் தவறாமல் உட்கொள்பவர் வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, நெடுநாள் வாழலாம். குருதியில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது. உரிய சிகிச்சை பெறும் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பை 5 விழுக்காட்டுக்கும் கீழே குறைக்க முடியும். இப்பயன்கள் எல்லாம் தம் நிலையை அறிந்தவருக்கே கிடைக்கும். பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் தொற்று இல்லாமல் போவதில்லை, சிகிச்சைதான் தாமதமாகிறது.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. சாளரக் காலம் முடிந்தும் 'தொற்று இல்லை' என்று வந்த பின், புதிதாகத் தொற்று வாய்ப்பு எதுவும் நேராமலே, நம்பிக்கை வராமல் சிலர் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு இன்னொரு பரிசோதனை அமைதி தராது. தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குக் கலக்கம் தொடர்ந்தால், அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.