கொல்லும் அணுவின் விவேகம்

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டையைக் கடந்து கிழக்கே சென்றால் வரும் திருச்சுழியில் 1879-இல் அவதரித்த ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கருகே ஒரு சிறு கட்டி தோன்றியதும், அது சார்கோமா என்னும் புற்றுநோய் என்று வைத்தியர்கள் நிச்சயித்து, 1949-இல் நான்கு முறை அறுத்தெடுத்தும் ரேடியம் வைத்தும் அடங்காமல் திரும்பத் திரும்ப முளைத்ததும், 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் சித்தியடைந்ததும் இப்பகுதியில் பலரும் அறிந்த சரித்திரம். கிருமி புகுந்த உயிரணுக்களைத் தேடிப்பிடித்து மாய்க்கும் வல்லமை வாய்ந்த சரீரத்தின் காவற்படை, இத்தகைய கட்டியின் முன் ஏன் சோர்ந்துவிடுகிறது?

நம் உயிரணுக்களில் பெரும்பாலானவை, தம்முள் உண்டாகும் புரதங்களின் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஓயாமல் ஏந்திக் காட்டுகின்றன. அக்காவற்படையைச் சேர்ந்த, சுற்றித் திரியும் டி அணு, அந்நியத் துணுக்கையும் அதை ஏந்தியிருக்கும் சொந்த அடையாளத்தையும் ஒருங்கே கண்டால்தான் தாக்கும் என்பதை டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் வெளிப்படுத்தி, 1996-இல் நோபல் பரிசு பெற்றனர். பகையென்று தெளிந்ததும், டி அணு நெருங்கி ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் எதிரணுவின் சவ்வைத் துளைத்து, கிரான்சைம் என்னும் நொதியை உட்செலுத்துகிறது. அந்நொதி அவ்வணுவுக்குள்ளேயே உறங்கிக்கிடக்கும் மரண ஏற்பாட்டை எழுப்பிவிட, அது சுருங்கித் துண்டுதுண்டாகச் சிதைய, அத்துண்டுகளை விழுங்கணுக்கள் உண்டுவிடுகின்றன. கரிசல் காட்டில் பருத்தியின் வேர் நோகாமல் களை பறிப்பவளைப் போல, அண்டை அணுக்களுக்குப் பெரும்பாலும் ஊறின்றிக் காரியத்தை முடித்த டி அணு அடுத்த இலக்கை நாடிப் போகிறது.

புற்றணுவோ வெளியிலிருந்து வந்ததன்று. நம் அணுவே திரிந்தது. அது துணுக்குகளைக் காட்டாமல் மறைக்கும்; அவ்வாறு மறைப்பவற்றை இயற்கைக் கொல்லி அணுக்கள் ஐயுற்று அழிக்குமாயினும், தாக்க வந்த அணுக்களின் தடுப்பு விசையையே அழுத்தி அவற்றை ஓய்த்துவிடும் உபாயமும் அதற்குண்டு. அவ்விசையை விடுவிக்கும் வழியைக் காட்டிய ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் அவ்வழியில் பிறந்த மருந்துகளால் குடலும் தைராய்டும் தாக்குண்பதுமுண்டு.

நோயாளியின் டி அணுக்களையே எடுத்து, புதிய உணர்கருவி பூட்டித் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை, பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் கூடி உழைத்ததன் பயனாக, 2023 அக்டோபரில் சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கென இந்தியாவில் அனுமதி பெற்றது. அது குறிவைக்கும் அடையாளம் எதிர்ப்புப் புரதங்களுக்கு மூலமான, ஆரோக்கியமான பி அணுக்களிலும் இருப்பதால் அவையும் மடிகின்றன. அந்த நஷ்டத்தை எதிர்ப்புப் புரதங்களை ஊசி வழியே ஏற்றி ஈடுசெய்துகொள்ளலாம். நுரையீரலையோ ஈரலையோ அவ்வாறு இழக்க இயலாது. இக்காரணத்தாலும் திடக்கட்டிகளில் இவ்வித்தை இன்னும் மெல்லவே முன்னேறுகிறது.