வேதனையைத் தணிக்கும் ஒலி

புற்றுநோய் எலும்பிலோ நரம்புக் கற்றையிலோ வேரோடிவிட்டால், மார்ஃபின் முதலிய வலுவான மருந்துகளை வேளை தவறாமல் கொடுத்தும், அளவைக் கூட்டக் கூட்ட மயக்கமும் குமட்டலும் மலச்சிக்கலும் மிகுகின்றனவேயன்றி வலி மட்டும் அகலாத அவஸ்தை சிலருக்கு நேர்ந்துவிடுகிறது. அத்தகையோரின் பொருட்டு வைத்திய சாஸ்திரம் இன்று ஆராய்ந்துவரும் மார்க்கங்களுள் ஒன்று, காதுக்கு எட்டாத ஒலியை மூளைக்குள் குவித்துச் செலுத்துவதாகும்.

உடலில் எங்கே புண்பட்டாலும் அதை வலியென்று அறிவது மூளையே. அந்தச் செய்தி செல்லும் தாலமஸ் என்னும் உட்பகுதியில் சிறிதளவு திசுவைச் செயலிழக்கச் செய்தால் வேதனை தணியக்கூடும் என்பதை முந்தைய அறுவை வைத்தியர்கள் மண்டையைத் துளைத்தே கண்டறிந்தார்கள். துளைக்காமலே அதைச் செய்து, 2009-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் ஜூரிக் நகரின் டானியல் ஜான்மொனோவும் அவருடைய சகாக்களும். அவர்கள் சிகிச்சையளித்த ஒன்பது பேரும் நரம்புச் சேதத்தால் தீராவலி கொண்டவர்கள். புற்றுநோய் வலிக்கு இம்முறையைப் பயன்படுத்துவது பின்னர் எழுந்த முயற்சி.

தலையை மழித்து, அசையாதபடி ஒரு சட்டத்தில் பொருத்தி, 1024 சிறு ஒலிக்கருவிகள் பதித்த கவசத்தை அணிவித்து, தோலுக்கும் கவசத்துக்கும் நடுவே குளிர்ந்த நீரை ஓடவிட்டு, நோயாளியை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துள் கிடத்துகிறார்கள். மண்டையோட்டின் கனம் இடத்துக்கிடம் மாறுவதால், அதை சி.டி. ஸ்கேனில் முன்பே அளந்து, ஒவ்வொரு கருவியின் அலையும் ஒரே புள்ளியில் இசைந்து சேருமாறு கணக்கிடுகிறார்கள். சேருமிடத்தில் மட்டும் வெப்பம் ஏறுகிறது. 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அங்குள்ள உயிரணுக்கள் மடிகின்றன. அதற்கு முன்பு இளஞ்சூட்டில் சோதித்து, விழித்திருக்கும் நோயாளியிடம், "கை மரத்துப்போகிறதா? ஒரு வாக்கியம் பேசுங்கள்" என்று வைத்தியர் கேட்டறிவது எவ்வளவு அவசியமான எச்சரிக்கை! ஜூரிக்கிலேயே ஒருவருக்கு மூளையில் இரத்தம் கசிந்ததுண்டு.

வலியை அறிவது வேறு. அதனால் வதைபடுவது வேறு. மூளையின் ஸிங்குலேட் பகுதியில் அறுவை செய்துகொண்ட சிலர், "வலி இருக்கிறது, ஆனால் அது என்னை வாட்டவில்லை" என்ற பொருள்படக் கூறியிருக்கிறார்கள். ஆதலால் அப்பகுதியையும் ஒலியால் அணுக ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர்.

இச்சிகிச்சை புற்றுநோயைக் குணப்படுத்தாது. புற்றுநோய் வலிக்கு மூளைவழி நிவாரணம் இன்னும் பரீட்சை நிலையிலேயே இருக்கிறது. எலும்பில் பரவிய புற்றின் வலிக்கு அவ்விடத்திலேயே ஒலியைச் செலுத்தும் முறையை மட்டும் அமெரிக்க அரசு 2012-இல் அங்கீகரித்தது. ஆயினும் வீட்டில் நோயாளி இருப்போர், வலியைப் பொறுத்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லாதீர்கள். இரவில் அவர் எத்தனை முறை விழிக்கிறார் என்பதைக் குறித்துவைத்து, அடுத்த முறை வைத்தியரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.